ரெண்டு மணி ரீடிங்

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிகளின் விரிப்பெல்லாம்
சமாதானபுரத்து எங்கள் சலவைக் கூடத்துக்குத்தான் வரும்.
ரத்தம், டிங்சர், சிந்திய கஞ்சி,
யாரோ ராத்திரி முழுக்க அழுத உப்பு.
உப்புக்குத் தனி ரேட் கிடையாது.
எல்லாம் கிலோவுக்கு இருபத்தெட்டு ரூபாய்.

நான் கணக்கு எழுதுகிறவள்.
சித்திரை பிறந்ததும் போர் கலங்கிக் காற்றைக் கக்கியது.
நாளைக்கு நாலு லாரித் தண்ணீர்.
மாசானம் அண்ணாச்சி கரண்டு பில்லை நாலாக மடித்து
விசிறிக்கொண்டே கேட்டார்:
"ஒரு ஆளைக் குறைச்சிருவமா, ஜெபக்கனி?"

அந்த ஒரு ஆள்
கொதிகலன் வாயில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தது.
பேச்சித்தாய்.
முந்தானையால் கழுத்தைத் துடைத்துவிட்டு
இன்னொரு கட்டை எடுத்தது.

"ஒரு வாரம் பொறுங்க" என்றேன்.
எதற்கு ஒரு வாரம் என்று
எனக்கும் தெரியாது.

அன்று ராத்திரி பத்து மணிக்கு
மெஷின் எல்லாம் நின்றபின்
தொட்டிக் குழாய் மீட்டரை எழுதிவைத்தேன்.
துணி மூட்டை மேலேயே படுத்தேன்.
ரெண்டு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால்
சிவப்பு முள் நடந்துகொண்டிருக்கிறது,
யார் வீட்டுக்கோ போகிற மாதிரி, சாவகாசமாக.
நாலு மணி நேரத்தில் அறுநூற்று நாற்பது லிட்டர்.
ஒருவரும் துவைக்கவில்லை.
ஒருவரும் குடிக்கவில்லை.

குழாய் குழாயாகக் காதை வைத்தேன்.
முதல் மெஷின் ஊமை. ரெண்டாவதும்.
மூன்றாவது,
தூக்கத்தில் பேசுகிறவனைப் போல்
வாய்க்குள்ளேயே முனகியது.
உள்ளே வருகிற வால்வின் வாஷரில்
நகம் அளவுக்கு ஒரு கிழிசல்;
வந்த தண்ணீர் துணியைப் பாராமலே
திறந்த சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது,
எத்தனை மாதமாகவோ.
வாஷர் விலை நாற்பது ரூபாய்.

காலையில் பேச்சித்தாயிடம்தான் முதலில் சொன்னேன்.
"அதுக்கே இப்படி மலைக்கீயளே எக்கா,
மூணாவது அலசல் தண்ணி கண்ணாடி கணக்கா இருக்கு,
அதையும் ஓடையிலதான விடுதோம்."

சொல்லிவிட்டு அது விறகடுக்கப் போய்விட்டது.
நான்தான் நின்ற இடத்தில் நின்றேன்.

பழைய சின்டெக்ஸ் ஒன்றைச் செங்கல் மேல் ஏற்றினோம்.
ஒரு ஈட்டின் கடைசித் தண்ணீர்
அடுத்த ஈட்டுக்கு முதல் தண்ணீர்.
"ஆஸ்பத்திரித் துணியாச்சே" என்று அண்ணாச்சி இழுத்தார்.
முதல் அழுக்கு போக மட்டும் அது;
பிறகு கொதிநீர், மருந்து, புதுத் தண்ணீர்
என்று நான் தாளில் படம் போட்டேன்.
இஸ்திரி உருளைகளில் சொட்டிய வெந்நீரைக்
குழாய் வைத்துக் கொதிகலனுக்கே திருப்பினோம்.
விறகு தானாகக் குறைந்தது.
அரை மெஷின் துணிக்குச் சுவிட்ச் போட்டால்
என்னிடம் ஏச்சு விழும் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

வைகாசிக் கணக்கில் லாரி ரெண்டு.
அண்ணாச்சி பில்லை மடிக்கவில்லை.
தட்டையாக வைத்து
இருமுறை கண்ணாடியைத் துடைத்தார்.
ஆளைக் குறைக்கிற பேச்சு அப்புறம் வரவில்லை.
சம்பளத்தைக் கூட்டுகிற பேச்சும்தான்.

லாரிக்காரர் செய்யது மசூது
வாசலில் நின்று கேட்டார்:
"என்னம்மா, வேற லாரி பேசியாச்சோ?"
"இல்லண்ணே, தண்ணி மிச்சமாகுது."
"நல்லதுதான்" என்றார்,
பிறகு, லாரியைத் தட்டியபடி,
"இதுக்கு மாசாமாசம் டியூ கட்டணும்லா."

என் நோட்டில் அதற்குப் பத்தி இல்லை.

அவர் வண்டியை எடுத்தார்.
பின் வால்வில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது;
அப்படியும் சொட்டியது.
ஹைகிரவுண்ட் ரோடு நெடுக ஓர் ஈரக் கோடு.
வெயில் அதை
இந்தப் பக்கமிருந்து
அழித்துக்கொண்டே போனது.